.410 ஒற்றைக் குழலில் .45 ரிவால்வர் தோட்டா போடலாம் என்கிறார்கள், உண்மையா?

பெரம்பூர்_லோகோ எழுதியது:

வணக்கம். தாத்தா பெரம்பூர் லோகோ ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். அங்கிருந்த ஆங்கிலோ இந்தியன் டிரைவர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடமிருந்து முறைப்படி லைசென்ஸில் ஏற்றி வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி எங்கள் வீட்டில் உண்டு. .410 போர் (குழல் துளையின் அளவு), இங்கிலாந்தில் செய்தது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா பெயருக்கு வந்தது. அப்பா தவறிவிட்டார். வாரிசு லைசென்ஸுக்கு வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். துப்பாக்கி இப்போது டீலரிடம் டெபாசிட்டில் இருக்கிறது.

கேள்வி இதுதான். 12 போர் தோட்டா எந்த டீலரிடமும் கிடைக்கிறது, .410 கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வியாசர்பாடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒரே ரிவால்வரில் .45 கோல்ட் தோட்டாவும் போடுகிறார்கள், .410 தோட்டாவும் போடுகிறார்கள். "அப்போ உன் துப்பாக்கியிலும் .45 போகும், தேவைப்பட்டால் நான் ரெண்டு நூல் கடைந்து தருகிறேன்" என்கிறான். இன்னொருத்தர், பழைய கேஸை (தோட்டாவின் வெளிக்கூட்டை) எடுத்துப் பட்டாசு மருந்தும் பால்ரஸும் போட்டு வீட்டிலேயே தயார் செய்யலாம் என்றார். எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. ஏன் சரியில்லை என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொருக்குப்பேட்டை_டர்னர் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் நண்பரை அந்தக் குழலில் கை வைக்க விடாதீர்கள். நானும் லேத்துக்காரன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

.410 என்பது அங்குலக் கணக்கு. 12 போர், 20 போர் மாதிரி, ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை என்ற எண்ணிக்கைக் கணக்கு இல்லை. மில்லிமீட்டரில் 10.4. .45 கோல்ட் குண்டின் விட்டம் இப்போது .452 அங்குலம், அதாவது 11.5 மி.மீ. பக்கம். 10.4 துளைக்குள் 11.5 குண்டு. பட்டறையில் துளையைவிட ஒரு மி.மீ. அதிகத் தடிமனான தண்டை ஒரு புஷ்ஷுக்குள் இறக்க வேண்டுமென்றால் பிரஸ்ஸில் வைத்து எத்தனை டன் கொடுப்போம்? அந்த வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மருந்து எரிந்து வரும் வாயுவின் அழுத்தம் செய்யவேண்டும். ஈயம் மெத்தென்றுதான் இருக்கும், பிதுங்கிப் போய்விடும் என்பார்கள். அது பிதுங்கும்வரை பின்னால் அழுத்தம் எங்கே போகும்?

இதற்கு மேல் சோக் வேறு. பழைய .410-இல் குழல் வாய் இன்னும் குறுகலாக இருக்கும். வெர்னியரை வாயில் வைத்துப் பாருங்கள், 10 மி.மீ.தான் காட்டும்.

---

ராயபுரம்_ரேஞ்ச் எழுதியது:

கொஞ்சம் எதிர்வாதம் வைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்க அளவுகோலில் .410 இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 12,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), மூன்று அங்குலத்துக்கு 13,500. .45 கோல்ட்டுக்கு 14,000. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே! எடையும் அப்படித்தான். .45 குண்டு 250 கிரெய்ன், 16 கிராம் சொச்சம். .410 இரண்டரை அங்குலத்தில் அரை அவுன்ஸ் ரவை, 14 கிராம். மூன்று அங்குலத்தில் 19 கிராம்கூடப் போகிறது. இரண்டுக்கும் விளிம்பு இருக்கிறது, சேம்பரிலும் (குழலில் தோட்டா உட்காரும் அறையிலும்) நழுவி உட்கார்ந்துவிடுகிறது. வீடியோவில் வருவது போன்ற டாரஸ் ஜட்ஜ் ரிவால்வர் 2006-இல் வந்ததிலிருந்து லட்சக்கணக்கான பேர் சுட்டிருப்பார்கள். அதற்கு முன்பே ஒற்றைக் குழல் கன்டென்டர் கைத்துப்பாக்கிக்கும் .45/.410 குழல் விற்றார்கள். எஞ்சினியர்கள் ஒத்துக்கொண்ட ஜோடி இது. பிறகு ஏன் கூடாது?

---

போர்_காஜ் எழுதியது:

ராயபுரம் சார், நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் சரி. அவற்றைச் சேர்த்த விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. நிறையப் பேர் இதே வழியில்தான் யோசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

14,000 என்ற எண் .45 தோட்டாவோடு ஒட்டிப் பிறந்த குணம் இல்லை. அது .45 போர் உள்ள சோதனைக் குழலில், குண்டு தனக்கேற்ற துளையில் ஓடும்போது அளந்தது. அதே தோட்டாவை 10.4 மி.மீ. துளையில் வைத்தால் அந்த எண் செல்லாது. குண்டு முன்னே நகர நகரத்தான் பின்னால் இடம் பெருகி அழுத்தம் தணியும். குண்டு முடங்கினால் மருந்து அதே சின்ன இடத்தில் எரிந்து தீரும். அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் வேகமாக எரியும். ரிவால்வர் மருந்துக்கு இந்தச் சுபாவம் அதிகம், அது வேகமாக எரியவே செய்த மருந்து. 14,000 எங்கே போய் நிற்கும் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

எடை ஒப்பீடும் அப்படித்தான். 14 கிராம் ரவை என்பது தனித்தனி மணிகள். சோக் வந்தால் ஒன்றோடொன்று நெருங்கி நீண்டு வழிந்து போய்விடும். 16 கிராம் குண்டு ஒரே கட்டி. அது செம்பு உறை போட்ட குண்டாக இருந்தால் பேச்சே இல்லை.

அடுத்தது நீளம். .45 கோல்ட் கேஸ் 32.6 மி.மீ. இரண்டரை அங்குலச் சேம்பர் 63.5. தோட்டாவை உள்ளே வைத்தால் குண்டின் மூக்குக்கு முன்னால் இன்னும் 2 செ.மீ.க்கு மேல் வெற்றிடம். கேஸை விட்டுக் கிளம்பிய குண்டு பிடிமானம் இல்லாமல் அந்த இடத்தைத் தாண்டி, சாய்ந்தபடி போய் சேம்பர் முடிவில் இருக்கும் கூம்பில் மோதும். இடைவெளியில் வாயு அதை முந்திக்கொண்டு ஓடும்.

இப்போது ஜட்ஜுக்கு வருகிறேன். குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஜட்ஜ் .410 துப்பாக்கி இல்லை. அது .45 ரிவால்வர். அதன் குழல் .45 போர், உள்ளே மரை (குண்டைச் சுழற்றும் பள்ளங்கள்) இருக்கிறது. சிலிண்டரை மட்டும் .410 கேஸ் நீளத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். அதில் .410 ரவை தன் அளவைவிடப் பெரிய குழலில் ஓடுகிறது. அழுத்தத்துக்கு அது பாதுகாப்பான திசை. நஷ்டம் வேறு இடத்தில்: மரை ரவையைச் சுழற்றிவிட, கொஞ்ச தூரத்திலேயே ரவை வட்டமாகச் சிதறி நடுவில் ஓட்டை விழும். 2011-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கவர்னர் ரிவால்வரும் இதே கதை. கன்டென்டர் குழலும் .45 மரைக் குழல்தான், வாயில் கழற்றி மாட்டும் சோக் உண்டு, குண்டு சுடும்போது சோக்கைக் கழற்றிவிட வேண்டும்.

அந்த மரையும் சுடுதிறனுக்காக மட்டும் போட்டதில்லை. அமெரிக்காவின் 1934-ஆம் வருடத்துத் துப்பாக்கிச் சட்டப்படி மரை இல்லாத கைத்துப்பாக்கிக்குத் தனிப் பதிவும் வரியும் விதித்தார்கள். அதைத் தவிர்க்க மரைக் குழலும் .45 சேம்பரும் வந்தன. அவர்கள் ஊர்ச் சட்டத்துக்காகப் பிறந்த ஒரு பொருளைப் பார்த்து, பெரம்பூரில் இருக்கும் பழைய ஷாட்கன்னை முடிவு செய்யக்கூடாது.

ஆக, .45 துப்பாக்கி .410-ஐச் சுடும் என்பது உண்மை. .410 துப்பாக்கி .45-ஐச் சுடும் என்று அதைத் திருப்பிப் போட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. .45 கோல்ட் 1873-இல் கருமருந்துக்காக வந்த தோட்டா. அதே கேஸில் இன்று கனமான நவீன ரிவால்வர்களுக்கென்று அழுத்தம் மிகக் கூடிய லோடுகளும் ஏற்றுகிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே வயிறு கொண்ட .454 கஸூல் 65,000 பிஎஸ்ஐ. .44 மேக்னம் இன்னும் ஒல்லி, .410 சேம்பருக்குள் தொளதொளவென்று போய் உட்காரும், 36,000. "உள்ளே போகிறது" என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொண்டால் இவை எல்லாமே போகும்.

---

ராயபுரம்_ரேஞ்ச் எழுதியது:

அந்த 14,000 எந்தக் குழலில் அளந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. இது போதும் எனக்கு. நன்றி.

---

ஓய்வு_ஆயுதப்படை எழுதியது:

.410 என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மஸ்கட்தான். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் கையில் கொடுத்தது அது. இந்த இழைக்கு அது ரொம்பச் சம்பந்தம் உள்ளது என்பதால் சொல்கிறேன்.

பார்த்தால் அசல் .303 லீ என்ஃபீல்டு. எடுத்து போல்ட்டைத் திறந்தால், மேகசின் இருக்கவேண்டிய இடத்தில் மரக்கட்டை வைத்து அடைத்திருக்கும். ஒன்று போட்டு ஒன்று சுடவேண்டும். குழலில் மரையைக் கடைந்து எடுத்து .410 வழவழ துளையாக்கியிருப்பார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையில் போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் என்று மாற்றியவை. நீண்ட தூரம் போகாது, கூட்டத்தின் முன்னால் நிற்பவர்களுக்கு அதுதான் வேண்டும் என்று வைத்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது தோட்டா. பெயர் .410, ஆனால் கடையில் விற்கும் .410 ஷாட்கன் தோட்டா இல்லை. .303 கேஸையே கழுத்துச் சுருக்காமல் நேராக விட்ட பித்தளைத் தோட்டா அது. அடிப்பக்கம் .303 அளவு, ஷாட்கன் தோட்டாவின் அடியைவிட ஒல்லி. அசல் மஸ்கட் சேம்பரில் ஷாட்கன் .410 சரியாகப் போய் உட்காராது. வெளிநாட்டுக்கு ஏலத்தில் போன மஸ்கட்கள் பலவற்றை அங்கே மூன்று அங்குல ஷாட்கன் தோட்டாவுக்கு மறுபடி கடைந்திருக்கிறார்கள். அப்படிக் கடைந்ததில் பழைய பித்தளைத் தோட்டாவைப் போட்டால் அடிப்பக்கம் லூசாகிக் கேஸ் வீங்கிக் கிழியும். ஒரே பெயர், ஒரே போர், ரெண்டு தோட்டா. ஒன்றுக்கொன்று சேராது.

ஆர்மரர் (ஆயுதங்களைப் பராமரிப்பவர்) எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, தோட்டாவின் அடியில் இருக்கும் எழுத்தையும் குழலில் இருக்கும் முத்திரையையும் சேர்த்துப் படி என்று. போரை மட்டும் பார்க்காதே என்பார். பெரம்பூர் தம்பி, உங்கள் துப்பாக்கியின் குழலுக்கு அடியில் என்ன அடித்திருக்கிறது?

---

பெரம்பூர்_லோகோ எழுதியது:

ஐயா, டெபாசிட் செய்தபோது டீலர் துப்பாக்கியின் முன்கையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டையை) கழற்றிக் காட்டினார், படம் எடுத்து வைத்திருக்கிறேன். குழலின் அடியில், கீல் பக்கத்தில், கிரீடம் போட்ட சின்ன முத்திரைகள் இரண்டு. பக்கத்தில் 410 என்றும் 2½ என்றும் இருக்கிறது. ஒரு முத்திரையில் என்பி என்று ஆங்கில எழுத்து. நம்பர் பாதி தேய்ந்திருக்கிறது.

---

போர்_காஜ் எழுதியது:

என்பி என்றால் புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை. நல்லது. அது இல்லாத, கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழலாக இருந்தால் இன்றைய சாதாரண தோட்டாவே கூடாது என்றிருப்பேன். (இங்கிலாந்தில் இந்தச் சோதனை பழைய வழக்கம். லண்டன் சோதனைச்சாலை 1637-இலிருந்து, பர்மிங்ஹாம் 1813-இலிருந்து. முத்திரை இல்லாமல் அங்கே குழலை விற்க முடியாது.)

அந்த 2½ தான் இப்போது முக்கியம். .45 கூடாது என்று முடிவாகிவிட்டது, சரி. அப்புறம் எங்கிருந்தாவது .410 கிடைத்து, அது மூன்று அங்குலமாக இருந்தால்? போட்டுப் பார்ப்பீர்கள், உள்ளே போகும், துப்பாக்கி மூடும். போகவே கூடாதே என்று தோன்றும். தோட்டா நீளம் என்று பெட்டியில் எழுதியிருப்பது சுட்ட பிறகு, மடிப்பு விரிந்த கேஸின் நீளம். சுடாத மூன்று அங்குலத் தோட்டா மடிந்து குட்டையாக இருக்கும், அதனால் இரண்டரைச் சேம்பரில் இடம் கிடைத்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றிக் கூம்புக்குள் போய் அடைக்கும். ரவையும், அதன் பின்னால் இருக்கும் வாடும் (அடைப்பும்), அந்தக் குறுகலில் நெருக்கி வரவேண்டும். பழைய மெல்லிய குழலுக்கு இது தேவையில்லாத வேதனை. 2½ மட்டும் வாங்குங்கள்.

---

கொருக்குப்பேட்டை_டர்னர் எழுதியது:

இதே ரகத்தில் 12 போர்க்காரர்களுக்கு ஒன்று. 20 போர் தோட்டா தவறி 12 போர் குழலில் விழுந்தால் விளிம்பு நிற்காமல் உள்ளே வழுக்கிப் போய், சேம்பரைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும். பின்னால் இருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும். "போடவில்லை போல" என்று 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து இடது கைதான் போகும், ஏனென்றால் முன்கையைத் தாங்குவது அந்தக் கை. 20 போர் தோட்டாவை மஞ்சளில் செய்வது இதற்காகத்தான்.

---

பழவேற்காடு_கரை எழுதியது:

பட்டாசு மருந்து, பால்ரஸ் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

எங்கள் பக்கம் ஏரிக்கரை ஊர்களில் முன்பெல்லாம் நாட்டுத் துப்பாக்கி சகஜம். குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டிப்பது. பெரியவர்கள் கருமருந்தைத்தான் போடுவார்கள், அதிலும் யார் கைப்பட அளந்தது என்று பார்ப்பார்கள். என் மாமா முறையில் ஒருவர், அவசரத்துக்குத் திருவிழாவில் மீந்த வெடியைப் பிரித்து அந்த மருந்தைப் போட்டார். அளவு பழைய அளவேதான். கொக்கு இருந்த பக்கம் கொக்கு இருந்தது, குழலின் பின்பாதி காணோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலில் தொங்கின. கையைத் துண்டில் சுற்றி ஸ்டான்லிக்குக் கொண்டுபோனோம். கை அறுவை சிகிச்சைக்கு நாடு முழுக்கப் பெயர் பெற்ற இடம், வலைக்காரர்களும் மில்லுக்காரர்களும் எத்தனையோ பேர் விரல் பிழைத்த இடம். அவர்களால் ஆள்காட்டி விரலைக் காப்பாற்ற முடிந்தது. கட்டைவிரல் இல்லை. வலை இழுக்கிற ஆளுக்குக் கட்டைவிரல் இல்லை என்றால் என்னவென்று இந்தக் கரையில் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் அதற்குப் பிறகு படகில் ஏறவே இல்லை, கரையில் வலை பின்னவும் கை ஒத்துழைக்கவில்லை, இறால் தரம் பிரிக்கும் ஷெட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

தயவுசெய்து இந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

---

போர்_காஜ் எழுதியது:

கரை அண்ணே, எழுதியதற்கு நன்றி. காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். துப்பாக்கி மருந்து தள்ளுவதற்குச் செய்தது, கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து அழுத்தத்தைப் பரப்பும். வெடியில் இருக்கும் அலுமினிய மருந்து வெடிக்கவே செய்தது. பொட்டலத்தைக் கிழிக்கும் அந்த வேகம் குழலுக்கும் அப்படியே கிடைக்கும். கருமருந்து அளவுக் கரண்டியில் புகையில்லா மருந்தை அள்ளிப் போட்டாலும் இதே கதி, அதே கொள்ளளவில் பலமடங்கு சக்தி. "கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாம்" என்பதும் வழியில்லை. வலுவில்லாத லோடில் வாடோ குண்டோ பாதிக் குழலில் நின்றுவிடும். சத்தம் வந்தது, சுட்டாயிற்று என்று அடுத்ததைப் போட்டால், அடைத்த குழலில் சுடுகிறீர்கள்.

பால்ரஸ் எஃகு. ஈய ரவை மாதிரி நசுங்காது. பழைய மென்மையான குழலில் கோடு கிழிக்கும், சோக்கில் ரெண்டு மணி ஜோடியாக மாட்டினால் வாய் வீங்கும்.

---

ஜார்ஜ்டவுன்_வக்கீல் எழுதியது:

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 3 துப்பாக்கிக்கு மட்டும் இல்லை, தோட்டாவுக்கும் லைசென்ஸ் கேட்கிறது. உங்கள் லைசென்ஸில் .410 என்றிருந்தால் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்று வீட்டில் இருந்தாலும் அது லைசென்ஸ் இல்லாத தோட்டாதான். பிரிவு 5, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது, மாற்றுவது, பழுது பார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றையும் தடுக்கிறது. லேத்து நண்பர் "ரெண்டு நூல் கடைவது" இதில் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சம் 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் மெஷினும்கூடச் சட்டத்தின் பார்வையில் தோட்டாவே. நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அவருடைய பட்டறையையும் குடும்பத்தையும் நினைத்தாவது இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

வாரிசு விஷயம்: 2016 ஆயுத விதிகள், விதி 25 உங்களுக்குப் பொருந்தும். லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே 70 வயதானாலோ 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம் என்பதையும் மற்றவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இழுக்கும். செங்குன்றம் பக்கம் குடியிருப்பவர்கள் 2022-இலிருந்து ஆவடி கமிஷனரேட்டுக்குப் போகவேண்டும், வேப்பேரி இல்லை.

---

பெரம்பூர்_லோகோ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நண்பனை உட்காரவைத்து இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். 10.4 துளை, 11.5 குண்டு என்ற இடம் வந்ததும் அவனே ஒரு பித்தளைத் துண்டை எடுத்து வெர்னியரில் வைத்துப் பார்த்தான். "இதை நான் எந்தப் புஷ்ஷிலும் இறக்கமாட்டேன்" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். லைசென்ஸ் கைக்கு வந்தபிறகு, சுடுவதற்கு முன் துப்பாக்கியை யாரிடமாவது காட்டவேண்டுமா? பல வருடமாக யாரும் சுடவில்லை.

---

ஓய்வு_ஆயுதப்படை எழுதியது:

கட்டாயம் காட்டுங்கள். பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள டீலராக இருக்கவேண்டும், துப்பாக்கியோடு லைசென்ஸ் புத்தகமும் கையில் இருக்கவேண்டும். கீல் ஆடுகிறதா, மூடியபின் குழலுக்கும் பின்பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா, குழலுக்குள் குழிக்குழியாகத் துரு இருக்கிறதா, எங்காவது வளையம் போல வீங்கியிருக்கிறதா, இந்த நான்கையும் கேளுங்கள். சேம்பர் நீளத்தைக் காஜ் விட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள். முத்திரை அடித்த பிறகு யாராவது மூன்று அங்குலத்துக்குக் கடைந்திருக்கவும் கூடும். ஒன்றில் சந்தேகம் என்றாலும் சுடவேண்டாம், தாத்தா நினைவாக வீட்டில் இருக்கட்டும் தம்பி.

---

போர்_காஜ் எழுதியது:

குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது உள்ளே கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் அது வீக்கத்தின் நிழல். துரு என்று நினைத்துத் துணி போட்டுத் தேய்க்கவேண்டாம், டீலரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள். படம் எடுக்க முடிந்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.